மாதிரிக்கு ஒரு வாய்

சந்தனமேரியின் முன்பல்லில் பூச்சி விழவில்லை. அது டாக்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது.

"பூச்சி உள்ள போயிருச்சு புள்ள. இப்பவே ராவி, மேல உறை போட்டாத்தான் பல்லு நிக்கும். ஒனக்குச் சும்மாவே போட்டுத் தாரேன்" என்றார் டாக்டர் நல்லதம்பி.

அவளுக்குப் பதினெட்டு வயது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டாக்டர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அந்தக் காலத்தில் பல் ராவும் மெஷினைக் காலால் மிதித்து ஓட்ட வேண்டும். மிதித்தது நான்.

அது 1950, மாசி மாதம். என் பெயர் பிச்சைமுத்து. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த அந்தப் பல் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். நல்லதம்பி ரங்கூனில் ஒரு சீனாக்காரப் பல்வைத்தியரிடம் தொழில் பழகியவர். யுத்தத்தின்போது நடந்தே ஊர் திரும்பியவர். சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்த வருடம் ஆஸ்பத்திரியைத் திறந்தார். பல் பிடுங்குவதிலும் தங்கப் பல் கட்டுவதிலும் கெட்டிக்காரர். ஆனால் பெரிய வீட்டுக்காரர்களுக்குத் தங்கம் அலுத்துவிட்டது. சொந்தப் பல் மாதிரியே இருக்கும் பீங்கான் பல்லுக்காக அவர்கள் மெட்ராஸ் போக ஆரம்பித்திருந்தார்கள்.

மெட்ராசில் வைத்தியம் பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பல் டாக்டர் கப்பலேறும் முன் தன் சாமான்களை விற்றார். ஒரு சின்ன மின்சார உலை, பெட்டி நிறையப் பீங்கான் பொடிப் புட்டிகள், ஒரு சுருள் பிளாட்டினத் தகடு ஆகியவற்றை நல்லதம்பி வாங்கிவந்தார். சாமான் வந்துவிட்டது, கைப்பழக்கம் வரவில்லை. பழக ஒரு வாய் வேண்டும். சொத்தைப் பல்லில் பழகினால் தப்பு பல்லிலா வேலையிலா என்று தெரியாது. அதனால் நல்ல பல்லாக இருக்க வேண்டும். ஏன் என்று கேட்க ஆளில்லாத வாயாகவும் இருக்க வேண்டும்.

சந்தனமேரி திருவரங்குளம் பக்கத்துச் சேரிப் பெண். தாய் இல்லை. தகப்பன் ராக்கன் கல் உடைக்கிறவர். எட்டாவது வரை படித்தவள் என்று மாதா கோயில் சாமியார் சொல்லி அனுப்பியதால் டாக்டர் சேர்த்துக்கொண்டார். துப்பல் கிண்ணம் கழுவுவதும் கூட்டிப் பெருக்குவதும்தான் வேலை.

மரத்துப்போகும் ஊசி அவளுக்குப் போடவில்லை. மருந்து வீணாகும் என்றார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பல் எரியும் வாடை வந்தது. நடுவில் ஒருமுறை என் காலைப் பார்த்தாள். நான் மிதிப்பதை நிறுத்தவில்லை.

முதல் உறை கோரமாக வந்தது. உள்ளே காற்றுக் கொப்புளங்கள், சாம்பல் பூத்த நிறம், பின்பக்கம் சொரசொரப்பு. டாக்டர் அதையே சிமெண்டு வைத்து ஒட்டிவிட்டார். எத்தனை நாள் நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அது நின்றது. ஆனால் அந்தச் சொரசொரப்பு, சோறு மெல்லும்போதெல்லாம் அவளுடைய கீழ்ப்பல்லை உரைகல் மாதிரி தேய்த்தது. ஒன்றரை வருடத்தில் கீழ்ப்பல் பாதியாகிவிட்டது. பச்சைத் தண்ணீர் குடித்தால் மண்டைவரை சுண்டி இழுக்கும். அவள் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, வெதுவெதுப்பாகக் குடிக்கப் பழகிக்கொண்டாள்.

அடுத்த வருடம் பக்கத்துப் பல்லை ராவித் தங்க உறை போட்டார். அதற்கடுத்த வருடம் பிளாஸ்டிக் பொடி சந்தைக்கு வந்தது. மூன்றாவது பல்லும் போயிற்று. இப்போது அவள் வாயில் தங்கம், பீங்கான், பிளாஸ்டிக் மூன்றும் வரிசையாக இருந்தன. துப்பல் கிண்ணம் கழுவுகிற வேலையை விட்டுவிடச் சொன்னார். வெளுத்த சேலை வாங்கிக் கொடுத்தார். பெயரையும் மாற்றினார். வருகிறவர்களிடம், "இது அமராவதி, நம்ம சொந்தக்காரப் புள்ள" என்பார். பிறகு அவளைப் பார்த்து, "சிரி" என்பார்.

அவள் சிரிப்பாள். வந்தவர்கள் பென்சிலால் அவள் பல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். சிலர் விரலாலேயே உதட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். "பிளாஸ்டிக் மலிவு. ஆனா ஆறு மாசத்துல மஞ்சப் பூத்துரும், பாருங்க" என்று டாக்டர் அவள் வாயைக் காட்டி விளக்குவார். ஒரு நாளைக்குப் பத்துப் பேர், திருவிழாச் சமயத்தில் இருபது பேர். ஒருநாள் ஒரு சிறு பெண், "இந்த அக்காவுக்கு ஏன் இம்புட்டுப் பல்லு கெட்டுப்போச்சு?" என்று கேட்டது. டாக்டர் சிரித்தார். சந்தனமேரியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், நிறுத்தச் சொல்லவில்லையே.

அவள் உலை வேலையைக் கற்றுக்கொண்டது ஆசையால் அல்ல. தன் வாயில் இருந்த அந்தச் சாம்பல் நிறச் சனியனை எடுத்துவிட்டு வேறு போட வேண்டும் என்பதற்காக. டாக்டருக்குப் பொறுமை கிடையாது. அவர் செய்கிற உறையில் பாதி உலையிலேயே வெடிக்கும். திட்டிக்கொண்டே எழுந்து போய்விடுவார். அவள் உட்கார்ந்து வெடித்த துண்டுகளை விளக்கடியில் வைத்துப் பார்ப்பாள்.

"டாக்டர் அய்யா அவசரப்படுறாருண்ணே" என்றாள் என்னிடம். "பொடியைத் தண்ணியில கொழைச்சுத் தூரிகையால வைக்கிறாரு. ஆனா தட்டித் தட்டித் தண்ணியை ஒத்தி எடுக்க மாட்டேங்கிறாரு. தண்ணி நின்ன எடம்தான் கொப்புளமாகுது. காயுறதுக்கு முன்னாடி உள்ள தள்ளுனா வெடிக்குது. வெந்தது ஆறுறதுக்கு முன்னாடி வெளிய இழுத்தா, கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கோடு விழுது."

ராவிய பல்லின் அச்சின்மேல் பிளாட்டினத் தகட்டை அழுத்திச் சட்டைபோல் மாட்டுவாள். அதன்மேல் பொடியைக் குழைத்து, வேண்டிய அளவைவிடப் பெரிதாகப் பல்லைக் கட்டுவாள். வெந்தால் சுருங்கும், எவ்வளவு சுருங்கும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். உலை வாசலில் வைத்துக் காயவிடுவாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்துவாள். மூன்று வேக்காடு. கடைசி வேக்காட்டில்தான் மேலே கண்ணாடி மாதிரி மினுப்பு ஏறும். அந்த மினுப்புதான் எதிர்ப்பல்லைக் காப்பாற்றுவது. ஒட்டிய பிறகு கல்லால் ராவி அந்த மினுப்பைக் கெடுத்தால் பீங்கான் அரம் ஆகிவிடும். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுடைய கீழ்ப்பல் சொல்லிக் கொடுத்தது.

1953இல் தனக்கு ஒன்று செய்தாள். பழையதை உடைத்து எடுத்துப் புதியதை ஒட்டும்படி டாக்டரிடம் கேட்டாள். அவரும் ஒட்டினார். கைக்கண்ணாடியில் அவள் வெகுநேரம் பார்த்தாள். எனக்கே எது உறை, எது பல் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து பீங்கான் வேலை முழுக்க அவளுடையது. பெயர் டாக்டருடையது. திருமயம், ராயவரம், அறந்தாங்கி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

ஆண்டிச்சாமி வந்தது 1956இல். திருமயம் பக்கத்துப் பெரிய நிலக்காரர். ஜீப் கவிழ்ந்து மேல் முன்பல் இரண்டும் பாதியாக உடைந்திருந்தன. சந்தனமேரியின் வாயைப் பார்த்துத்தான் பீங்கானைத் தேர்ந்தெடுத்தார். டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்தப் புள்ள கைதான் செய்யிது. எங்க சொந்தம்" என்று உளறிவைத்தார்.

பற்கள் அருமையாக அமைந்தன. அடுத்த வாரம் தன் சம்சாரத்துக்கும் பல் பார்க்க வேண்டும் என்று அவரே அழைத்து வந்தார். துணைக்கு அவர்கள் வீட்டு வேலைக்காரி, திருவரங்குளத்துக்காரி காத்தாயியும், இரண்டு ஆட்களும் வந்தார்கள். டாக்டர் வழக்கம்போல, "அமராவதி, இங்கிட்டு வந்து சிரி" என்றார்.

காத்தாயிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஏண்டி சந்தனமேரி! நீ இங்கயா இருக்க? ஒங்கப்பன் ராக்கன் நல்லாருக்கானா? மக டவுனுல இருக்கான்னு சேரிக்குள்ள பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சானே."

அவள் கெடுதலாகச் சொல்லவில்லை. தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம். சொல்லி முடித்த பிறகுதான் அறை அடங்கிப்போனது அவளுக்கே தெரிந்தது.

ஆண்டிச்சாமி எழுந்து கதவைச் சாத்தினார். சத்தம் போடவில்லை.

"எந்த ஊரு நீ?"

அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"எந்தத் தெரு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் ஆண்டிச்சாமி டாக்டரிடம் திரும்பினார். "இவ கையாண்டதை எவ்வளவு நாளா என் வாய்க்குள்ள வச்சிருக்கேன் நல்லதம்பி?"

"எட்டு நாளுங்க" என்றார் டாக்டர்.

"எடு."

டாக்டர் ஊசி போட்டு, பஞ்சு வைத்து, பூப்போல உளியைத் தட்டி அவருடைய இரண்டு உறைகளையும் எடுத்தார். ஆண்டிச்சாமி பத்துத் தடவை கொப்பளித்தார். கொப்பளித்துவிட்டு, "இப்ப அவளுது" என்றார். "என் வாயில இருந்த மாதிரி சாமான் அவ வாயில இருக்கக் கூடாது."

டாக்டர் முடியாது என்று சொல்லியிருக்கலாம். தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. போலீஸ் ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். நானும் படியிறங்கி ஓடியிருக்கலாம். ஆண்டிச்சாமியின் ஆட்கள் இரண்டு பேரும் அவளைத் தொட விருப்பமில்லாமல் கதவோரம் நின்றார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"பிச்சைமுத்து, தலையைப் புடி."

பிடித்தேன். நாற்காலிக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் அவள் கன்னத்தைச் சேர்த்துப் பிடித்தேன். இந்தத் தடவையும் ஊசி இல்லை. பஞ்சும் வைக்கவில்லை. ஆண்டிச்சாமி பார்த்துக்கொண்டிருந்ததால் டாக்டருக்கு அவசரம். ஒரே அடியில் உறை சிதறியது, ஆனால் உள்ளே இருந்த அடிப்பல்லும் ஈறுமட்டத்தில் முறிந்துவிட்டது. அதன்மேல் இனி எந்த உறையும் நிற்காது. அவள் தொண்டைக்குள்ளிருந்து வந்த சத்தத்தை என் உள்ளங்கையில் உணர்ந்தேன். காத்தாயி மூலையில் நின்று அழுதாள். ஆண்டிச்சாமி தன் சம்சாரத்தைப் பார்த்து, "போலாம்" என்றார்.

சந்தனமேரி அன்றே ஊருக்குப் போய்விட்டாள். ஈறு வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

நாற்பது நாள் கழித்து டாக்டரே என்னை அனுப்பினார். ஆர்டர்கள் குவிந்துவிட்டன. உலையில் அவர் செய்ததெல்லாம் வெடித்தது. அவளுடைய குடிசை வாசலில் நின்று சொன்னேன்: "டாக்டர் வரச் சொல்றாரு. பின்பக்கத்து ரூமுல மட்டும் இருந்துக்கிடலாம். யாரு முன்னாலயும் வர வேண்டாமாம்."

"சிரிக்க வேணாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்."

"அப்ப வாரேன்."

ராக்கன் கல்தூசி நெஞ்சில் இறங்கி வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். வராமல் என்ன செய்வாள்? அதற்குப் பிறகு அவள் காலையில் பின்படி வழியாக ஏறி, இருட்டும் முன் பின்படி வழியாக இறங்கினாள். பேசும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். உலையோடு மட்டும்தான் அவளுக்குப் பேச்சு.

ஆண்டிச்சாமி வேறெங்கோ பிளாஸ்டிக் பல் போட்டுக்கொண்டார். அது தேய்ந்து, வெற்றிலைக் கறை ஏறி, நாற்றமும் எடுத்தது. 1958இல் அவர் மறுபடி எங்கள் மாடி ஏறினார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பீங்கானே போடணும். ஆனா மெட்ராசுல செஞ்சு வரணும்" என்றார்.

"மெட்ராசுலேருந்தே தருவிச்சுத் தாரேனுங்க" என்றார் டாக்டர். அச்சை எடுத்தார். ஆண்டிச்சாமி படியிறங்கியதும் அதை அப்படியே கொண்டுபோய்ச் சந்தனமேரியின் மேசையில் வைத்தார். யாருடையது என்று சொல்லவில்லை.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் சாந்து அச்சைக் கையில் எடுத்துத் திருப்பினாள். ஒருமுறை வேலை செய்த வாயை அவள் மறக்க மாட்டாள். மேல் அச்சையும் கீழ் அச்சையும் சேர்த்துக் கடிக்கவைத்துப் பார்த்தாள்.

"இவரு தூக்கத்துல பல்லைக் கடிக்கிற ஆளுண்ணே" என்றாள். "பாருங்க, கீழ்ப்பல்லு நுனியெல்லாம் தட்டையாயிருக்கு."

நான் குரலைத் தாழ்த்தினேன். "வேகமா ஆறவச்சு விரிசல் விட்றாத சந்தனம். ஒடைஞ்சா டாக்டரைக் கொன்னுருவாரு."

"ஒடையாது" என்றாள். "ஒடைஞ்சா வேற போட்டுக்கிடுவாரு. ஒடையக் கூடாது."

அந்த இரண்டு உறைகளுக்கு ஆறு நாள் எடுத்துக்கொண்டாள். அவ்வளவு அழகான வேலையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பின்பக்கம் கெட்டியாகக் கட்டி, ஒவ்வொரு வேக்காட்டுக்கும் அரைநாள் ஆறவிட்டாள். நுனியில் லேசான நீலம், கழுத்தில் லேசான மஞ்சள். முன்பக்கம் பனித்துளி மாதிரி மினுங்கியது. எல்லாம் முடிந்து ஆறிய பிறகு, சின்னக் கல்லை எடுத்து இரண்டு உறைகளின் பின்பக்கத்தையும் மெதுவாக ராவினாள். மினுப்பு முழுவதும் போகும்வரை ராவினாள். வெள்ளைமேல் வெள்ளை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

ஒட்டுகிற அன்று டாக்டர் உறையை எடுத்து விரலால் தடவினார். அவருடைய விரல் பின்பக்கத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். ஆண்டிச்சாமி நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருந்தார். ஆட்கள் கதவோரம் நின்றார்கள். இது சரியில்லை என்று சொன்னால் யார் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டர் சிமெண்டைக் குழைத்து ஒட்டினார்.

கண்ணாடியைப் பார்த்து ஆண்டிச்சாமி, "மெட்ராசு வேலை மெட்ராசு வேலைதான்" என்றார்.

முதல் வருடம் ஒன்றுமில்லை. இரண்டாம் வருடம் மோர் குடித்தால் கூசுகிறது என்று வந்தார். கீழ் முன்பற்கள் நான்கும் சாய்வாகத் தேய்ந்திருந்தன. டாக்டர் தைலம் தடவி அனுப்பினார். மூன்றாம் வருடம் காற்றுப் பட்டாலே துடித்தார். துண்டால் வாயைக் கட்டிக்கொண்டுதான் ஜீப்பில் ஏறுவார். 1962இல் ஒரு பல் வேர்வரை சீழ்பிடித்துத் தாடை வீங்கி வந்தார். பெரிய ஆள், நாற்காலியில் குழந்தை மாதிரி முனகினார்.

பின்னறைக்கு நான் சாமான் எடுக்கப் போனேன். அந்தச் சத்தம் சரியாகக் கேட்க வேண்டும் என்று சந்தனமேரி மின்விசிறியை நிறுத்தியிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள்.

"எத்தனாவது பல்லு?" என்று கேட்டாள்.

"முதல் பல்லு."

"இன்னும் மூணு" என்றாள்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் மற்ற மூன்றும் போயின. ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் வலித்த பிறகு. மேலே அந்த இரண்டு பீங்கான் பற்களும் கீறல் விழாமல் மினுங்கிக்கொண்டிருந்தன. தன் குறை தன் உடம்பில்தான் என்று ஆண்டிச்சாமி நம்பினார். கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டார். மேல் பல்லைப் பற்றி மட்டும் எல்லோரிடமும் பெருமையாகவே சொன்னார்.

டாக்டர் நல்லதம்பி 1964இல் மாரடைப்பில் போனார். சாகும்வரை அந்தப் பேச்சை அவர் என்னிடம் எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. ஆஸ்பத்திரியை மூடுகிற அன்று அவர் சம்சாரம் செவந்தி அம்மா சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கச் சொன்னார். உலையைத் திருச்சியிலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். சந்தனமேரி கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது செவந்தி அம்மா அவள் வாயையே பார்த்தார்.

"அந்தத் தங்கம் ஆஸ்பத்திரிச் சாமான்தானே பிச்சைமுத்து?"

நான் தரையைப் பார்த்தேன். சந்தனமேரி யாரையும் எதிர்பார்க்கவில்லை. மேசையிலிருந்து கத்தரியை எடுத்து, கண்ணாடி பார்க்காமலே உறையை ஓரத்தில் வெட்டி, குறட்டால் திருகிக் கழற்றினாள். கழுவி, துடைத்து, செவந்தி அம்மாவின் கையில் கொடுத்தாள். உதட்டோரம் ரத்தம் வழிந்தது.

உலையை வாங்கிய திருச்சிக்காரருக்கு அதை ஓட்டத் தெரியவில்லை. விசாரித்து, அவளையே தேடிப்போய்க் கூட்டிக்கொண்டார். ராக்கன் அதற்குள் இறந்துவிட்டார். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருச்சியில் பல டாக்டர்களுக்கு அவள் செய்த பல் போனது.

1967இல் ஒரு வேலையாகத் திருச்சி போனபோது விசாரித்துக்கொண்டு பார்க்கப் போனேன். ஒரு சந்துக்குள் சின்ன அறை. இரண்டு பெண்கள் அவளுக்குக் கீழே வேலை பார்த்தார்கள். சுவரில் அவள் பெயர் எழுதிய பலகை இருந்தது, சந்தனமேரி என்றே. தங்கத்தைக் கழற்றிய பல்லும் பிளாஸ்டிக் போட்ட பல்லும் போய், முன்பற்கள் இருந்த இடம் முழுக்கக் காலியாக இருந்தது. தனக்கு ஒரு பல்செட் கட்டிக்கொள்ள அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் கட்டிக்கொள்ளவில்லை. முந்தானையால் மறைக்கவும் இல்லை.

ஊர் விஷயம் பேசினோம். ஆண்டிச்சாமி போன ஐப்பசியில் செத்துப்போனார் என்றேன். "பல்லோடதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு நான் தலையைப் புடிச்சது தப்புதான் சந்தனம். மனசுல வச்சுக்கிடாத."

அவள் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாப் புடிச்சீங்கண்ணே" என்றாள். "கொஞ்சங்கூட நடுங்கல. நீங்க நடுங்கியிருந்தா நான் தலையை அசைச்சிருப்பேன். உளி வெலகியிருக்கும். அடிப்பல்லாவது மிஞ்சியிருக்கும்."

சொல்லிவிட்டு அந்தப் பெண்களில் ஒருத்தியை அழைத்து, ஏதோ ஓர் அச்சில் தண்ணீர் சரியாக ஒத்தியெடுக்கவில்லை என்று காட்டத் தொடங்கினாள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. வெளியே வந்து புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன்.